தாமானை விட்ட கை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
11.07.2025

அன்புள்ள லவீனாவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் பிள்ளையும் மாமியும் சுகம். என் இடப்பக்க விலா மட்டும் சுகமில்லை. போன மாதம் போனில் இருமல் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். உண்மையை எழுதத்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து நீர் இருக்கும் குவைத்துக்கே திரும்பும் தயாளினியிடம் திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கோபிக்காதேயும். உம்முடைய குரலைக் கேட்டால் எனக்கு ஓம், ஓம் என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லை. பத்து வருடமாக உமக்குத் தெரிந்த விஷயம்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. ஜெசிதாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. யாகப்பர் திருவிழாவுக்குப் பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அவள் பாடும்போது பாதிச் சொல் காற்றாகப் போகிறது. பின்கோடிப் பக்கத்துக் கூரைக்கு ஷீட் மாற்றிவிட்டேன், மழை வந்தால்தான் என் வேலையின் சீர் தெரியும். மாமி உமக்கு ஒடியல் மா கொடுத்துவிடுகிறார். கூழுக்குப் போட அங்கே நல்ல மீன் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கவலை.

இனி விலா விஷயம். மண்டைதீவுக் கரையில், சுவிஸில் இருந்து வந்த டினேஸ் என்பவர் நடத்தும் இடத்தில் நான் வள்ளம் ஓட்டுகிறேன் என்று உமக்குத் தெரியும். வெள்ளைக்காரரும் கொழும்புப் பிள்ளைகளும் அங்கே விண்ட் சேர்பிங் பழக வருவார்கள். ஒரு பலகை, அதில் ஒரு பாய், அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே காற்றில் ஓடுவது. விழுந்தவர்களைப் போய்த் தூக்கி வருவது என் வேலை. சும்மா இருந்த நேரத்தில் நானும் ஏறிப் பார்த்தேன். பாய் எனக்குப் புதிதா என்ன? ஒரு கிழமையில் பழகிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

டினேஸ் அதைப் பார்த்துவிட்டு, நிரந்தரமாக ஒரு பயிற்சியாளரை எடுக்கப் போவதாகவும் அந்த வேலையை எனக்குத் தரலாம் என்றும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. பாயோடும் பலகையோடும் தண்ணீரை விட்டு எழும்பி, ஆகாயத்தில் ஒரு முழுக் குத்துக்கரணம் அடித்து, விட்ட இடத்தில் இருந்து திரும்ப ஓட வேண்டும். துள்ளிக் காட்டுகிற ஆளிடம்தான் ஆட்கள் பழக வருவார்களாம். சோதனை அடுத்த கிழமை சனிக்கிழமை, பத்தொன்பதாம் திகதி. இந்த வேலை கிடைத்தால் நீர் அங்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று மனதுக்குள் நினைத்து வைத்திருந்தேன். உமக்கு மூச்சு விடவில்லை. கிடைக்காவிட்டால் என்ன முகத்தோடு கதைப்பது?

பழக்குகிறவள் நிவேதனா என்ற பிள்ளை. வயது இருபத்தாறு. ஊர் புத்தூர், தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கற்பிட்டிக்குப் போய்ப் பழகி வந்தவள். பதினெட்டு வயது வரை கடலில் கால் நனைத்ததே இல்லையாம். அவள் முயல் மாதிரித் துள்ளுகிறாள். குருநகரில் பிறந்து, நடக்கப் பழகமுன் நீந்தப் பழகிய நான் அவளுக்கு முன்னால் பலகையில் நின்று நடுங்குகிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது? மாமியிடம் சொன்னேன். "குருநகரிலை மீன் துள்ளுறது காணாதெண்டு இப்ப மருமோனும் துள்ளப் போறார்" என்று அயல் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாயின் குறுக்கே ஒரு தடி இருக்கும். இரண்டு கையாலும் அதைப் பிடித்துத்தான் ஓடுவது. அலையில் ஏறிப் பலகை எழும்பியதும், பின்பக்கம் பிடித்த கையால் அந்தத் தடியை நெஞ்சோடு இழுத்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துச் சுருண்டுவிட வேண்டும். மிச்சத்தைக் காற்றுச் செய்யும். பாய் ஆளையும் தூக்கிச் சுழற்றி மற்றப் பக்கம் இறக்கும். பாதியில் கையை விட்டால்தான் ஆபத்து. நான் ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டேன். அப்படி ஒருமுறை பலகையின் விளிம்பில் விழுந்ததில்தான் விலா போனது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முறிவில்லை, கண்டல் காயம்தான். இரண்டு கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பவும் ஏறினேன். திரும்பவும் விட்டேன்.

ஏன் விடுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். எட்டு வயதில் ஐயா என்னை இறாலுக்குப் போகிற பாய் வள்ளத்தில் ஏற்றினார். பாயின் மூலையில் கட்டிய கயிறு, அந்தத் தாமான், என் கையில் இருக்கும். காற்று சட்டென்று ஏறினால் முதல் வேலை அதை விடுவது. பாய் படபடத்து வெறுமையாகும், வள்ளம் நிமிரும். ஒருமுறை நான் வீம்புக்கு இழுத்துப் பிடித்தேன் என்று ஐயா துடுப்பால் முதுகில் ஒன்று போட்டார். "விடு எண்டால் விடடா, பிறகு கதை" என்றார். அன்றிலிருந்து என் கை என்னைக் கேட்பதில்லை. காற்று ஏறினால் விடும். இருபத்தைந்து வருடம் அந்தக் கைதான் என்னைக் கரை சேர்த்தது. இப்போது அதே கை என்னைத் தண்ணீரில் அடிக்கிறது.

நிவேதனாவிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, உங்கடை கை வலு கெட்டித்தனமான கை. அதுதான் பிரச்சினை. எனக்கு ஒண்டும் தெரியாதபடியால் சொன்னதைச் செய்தனான்" என்றாள். பாராட்டா பகிடியா என்று தெரியாமல் நானும் தலையாட்டினேன்.

ஆனால் லவீனா, இது பழக்கம்தானா, பயமா? கரையில் நிற்கும்போது பயமே இல்லை. ஓடும்போதும் இல்லை. பலகை எழும்புகிற இடத்தில், பயம் வருவதற்கு முன்பே கை விட்டுவிடுகிறது. பயம் பிறகுதான் வருகிறது. அப்படியென்றால் விட்டது யார்? ஐயாவின் மேல் பழியைப் போட்டால் நான் வீரன் ஆகிவிடுவேனா? இப்படியே கரையில் இருந்து யோசித்து யோசித்துத் தலையிடிதான் மிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை நீர் போன் எடுத்தீர். உம்முடைய முதலாளி மடம் புது ஒப்பந்தப் பேப்பரைத் தந்துவிட்டாராம், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், "நீங்கள் என்னப்பா சொல்லுறியள்" என்று கேட்டீர். நான் என்ன சொன்னேன்? "உம்மடை விருப்பம்" என்றேன். பிறகு கூரை ஷீட்டைப் பற்றிக் கேட்டீர். நான் ஷீட்டைப் பற்றி விரிவாகச் சொன்னேன், மடையன் மாதிரி.

போனை வைத்தபோது ஜெசிதா பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஏனப்பா, அம்மாவை வரச் சொல்லேல்லையே" என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியும், அவ யோசிச்சு வருவா என்றேன். "நீங்கள் சொன்னால்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, கொப்பிக்கு உறை போட்டுத் தரச் சொன்னாள். நான் உறையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

அன்று எனக்கு நித்திரை சரியில்லை. நான்கு வருடத்துக்கு முன் நீர் பாஸ்போட் பேப்பரோடு குசினி வாசலில் நின்று, போகட்டா என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்து திரும்பும்போதும் இதையேதான் சொன்னேன். நல்ல புருசன் மனைவியைத் தடுக்க மாட்டான், அது மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதைதானா? இரும் என்று நான் கேட்டு, நீர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க என்னால் ஏலாது என்பதுதானே உண்மை. இதை எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை சோளகக் காற்று நன்றாகப் பிடித்தது. நிவேதனா வள்ளத்தில் பின்னால் வந்தாள். எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். யாரோடு என்று தெரியாது. ஓடினேன், அலை வந்தது, பலகை எழும்பியது, இழுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கோயில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. பிறகு தண்ணீர். பிறகு பாய் என்னைத் தூக்கி நிமிர்த்திவிட்டு ஓடிக்கொண்டிருந்தது, தடி இரண்டு கையிலும் இருந்தது. நான் இறங்கவே இல்லை, என்பாட்டில் கரை வரைக்கும் ஓடிவிட்டேன். நிவேதனா வந்து, "எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ, மறக்கமுன்னம் எழுதி வைப்பம்" என்று கொப்பியை நீட்டினாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திகதியை மட்டும் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று முறை ஏறினேன். மூன்று முறையும் கை விட்டது. நேற்றும் விட்டது. அப்படியென்றால் பயம் போய்விட்டதா, இருக்கிறதா? நிவேதனா போய்விட்டது என்கிறாள். டினேஸ் சனிக்கிழமை பார்ப்போம் என்கிறார். விலா இருக்கிறது என்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சோதனை முடியட்டும், வேலை கிடைத்தால் வாரும் என்று எழுதுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். தயாளினி அதற்குள் போய்விட்டால் போனில் சொல்லலாம் என்றும் நினைத்தேன். அதுவும் பழைய கதைதான். சனிக்கிழமை நான் தண்ணீரில் விழலாம். டினேஸ் வேறு ஆளை எடுக்கலாம். கடலிலும் இப்போது மீன்பாடு இல்லை. பிறகு எப்படிச் சீவிப்பது, பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று நீர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேதான் எழுதுகிறேன்.

லவீனா, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதேயும். வாரும். நீர் இல்லாமல் எனக்கு ஏலாமல் இருக்கிறது. நான்கு வருடமாக ஏலாமல்தான் இருக்கிறது. ஒருநாளும் சொல்லவில்லை, அது என் பிழை. அங்கேயே இருக்க வேண்டும் என்று உமக்குப் பட்டால் எனக்கு நேராகச் சொல்லும். நான் ஓம் என்று சொல்லிப் போனை வைக்க மாட்டேன். ஏன் என்று கேட்பேன். திரும்பவும் கேட்பேன்.

அடைக்கல மாதா உம்மை ஒரு குறையும் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உம்மை வரச் சொல்லும்,
ஜெனிஸ்