நான் எழுதி வைத்த உன் பதில்கள்

பாய்லர் அறை
ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, நீயும் அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக எழுதுகிற நம்புகிறேன் இல்லை இது, இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனை விட்டுவிட்டு அப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷம் உனக்கு சிக்னல் போய்விடும், இது நமக்குள் தெரிந்த கதைதான். காகிதத்தில் கத்தினால் அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம். அதோடு இன்று எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, மாற்று ஆள் லீவு. பாய்லர் ஓடும்போது அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடும் வரை நான் இந்த அறையை விட்டு நகரக் கூடாது, போனை வெளியே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்காத கண்ணாடி. ஓடிப்போக முடியாத இடத்தில் உட்கார்ந்தால்தான் இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பேன் என்று நானே கேட்டு வாங்கிய வேலை இது.

முதலில் வீட்டுச் செய்தி. மாடி வீட்டுக் குளியலறையிலிருந்து உன் அறைச் சுவருக்குத் தண்ணீர் இறங்குகிறது. வீட்டுக்காரரிடம் மூன்று தடவை போய்ச் சொன்னேன், பார்க்கலாம் தம்பி பார்க்கலாம் தம்பி என்கிறார், எனக்கு முப்பத்தொன்பது ஆகிறது, பத்தொன்பது வயதில் பெண் இருக்கிறாள் என்று சொன்னால் சிரிக்கிறார். நான்காவது தடவை அவரைக் கேட்கப் போவதில்லை, குழாயை நானே பிரித்துவிடுவேன். உன் புத்தக அலமாரியை ஹாலுக்கு நகர்த்தியிருக்கிறேன், எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மா வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்திருக்கிறார், வரவேற்பில் இருக்கிறவர்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார், முழங்கால் வலிக்கு அதுதான் காரணம். என்னோடு வேலை பார்க்கிற ரேடியோ உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அவன் பெயர் ஏன் ரேடியோ என்று உனக்குத் தெரியும், நடக்காத செய்தியைக்கூட முதலில் சொல்லிவிடுவான், ஆனால் இப்போது சொல்லப்போகும் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறான், அதற்காகவே அவனுக்கு ஒரு கும்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலை ஆண்டு விழாவில் வேலை பார்க்கிறவர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தில் படிக்கிற தன் பிள்ளையையே பேட்டி எடுப்பார், உனக்குத் தெரியும், இந்த வருஷம் நாம் என்று நான் சொன்னபோது நீ சரிப்பா என்றாய். சரிப்பா என்று நீ சொன்ன விதத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. நல அதிகாரி அம்மா, கேள்விகளைத் தயார் பண்ணிக் கொடுங்கள், படிப்பு வாழ்க்கை பற்றி நல்லபடியாக இருக்கட்டும் என்றார். எனக்குக் கேள்வி எழுதத் தெரியுமா? எனக்குத் தெரிந்த தாள் ஒன்றே ஒன்றுதான், பாய்லர் தினசரித் தாள், சின்ன வயதில் நீ பின்பக்கத்தில் படம் வரைவாயே அது. முதல் கட்டத்தில் என்ன பார்க்க வேண்டும், நடுக் கட்டத்தில் எவ்வளவு இருக்க வேண்டும், மூன்றாவது கட்டத்தில் எவ்வளவு இருக்கிறது. நீராவி அழுத்தம், பத்து, ஒன்பது புள்ளி எட்டு, அவ்வளவுதான். அதே மாதிரி கோடு போட்டேன். எழும் நேரம், நடுக் கட்டத்தில் ஐந்தரை. பிடித்த பாடம், வெப்ப இயக்கவியல். ஆசிரியர்கள், பெற்றோரைப் போன்றவர்கள். விடுதி, இன்னொரு வீடு. கஷ்டம் ஏதாவது உண்டா, இல்லை. எதிர்காலம், இதே துறையில் மேற்படிப்பு. பதினான்கு கேள்வி, பதினான்கு நடுக் கட்டத்தையும் கை நிற்காமல் எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டம் உனக்கு, நீ வந்ததும் கேட்டு நிரப்பலாம் என்று விட்டுவைத்தேன். ரேடியோ எட்டிப் பார்த்துவிட்டு, என்னப்பா, பொண்ணைப் பேட்டி எடுக்கறியா இல்ல புது மோட்டாருக்கு சோதனை ஓட்டம் விடறியா என்றான். போடா உன் வேலையைப் பார் என்றேன்.

பதினைந்தாவதாக ஒன்று சேர்க்க நினைத்தேன், அதன் நடுக் கட்டம்தான் எனக்குத் தெரியவில்லை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம். உன்னைக் கேட்டிருக்கலாம். அன்று பாய்லரைச் சுத்தம் பண்ண நிறுத்தியிருந்தோம், போன் கையிலேயே இருந்தது, நீ வகுப்பில் இருப்பாய் என்று நினைத்து உன் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் ஒரு அம்மா எடுத்தார். உன் பெயரைச் சொன்னதும், அந்தப் பொண்ணு இந்தப் பருவத்துக்கு இன்னும் பதிவே பண்ணலையே சார், வகுப்பு ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆச்சு, உங்களுக்குத் தெரியாதா என்றார். நான் தெரியும் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா, என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை. வைத்துவிட்டு எழுந்து பின்பக்கத் தொட்டி வரை நடந்தேன், பத்து நிமிஷம் தண்ணீர் பம்ப் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிஷத்தில் நல அதிகாரி அம்மா அறைக்கு வந்து, மேஜையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் புத்தகம் வந்துவிட்டது. விழா மலர், நானூறு பிரதி, உன் பள்ளிக்கூடப் போட்டோ, கீழே பதினான்கு கேள்வி, பதினான்கு பதில். நடுக் கட்டத்தில் நான் எழுதியதெல்லாம் நீ சொன்னதாக அச்சாகியிருக்கிறது. நேராக நல அதிகாரி அம்மாவின் அறைக்குப் போய், இது என் பொண்ணு சொன்னது இல்லை, இருக்க வேண்டியதுன்னு நான் எழுதினது என்றேன். அப்போ உங்க பொண்ணு வேற மாதிரி சொல்லுவாளா என்று கேட்டார். வாயைத் திறந்தால் ஆறு வாரம் வெளியே வரும். அப்புறம் என்ன, மேடையிலயும் இதையே சொல்லச் சொல்லுங்க, பெரிய மேனேஜர் முன் வரிசையில இருப்பார், நாலு தடவை படிச்சா மனப்பாடம் ஆயிடும் என்றார். பாய்லருக்கு யாராவது இப்படி மீட்டரைப் பார்க்காமலே அளவு எழுதினால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவேன், போன வருஷம் ஒருத்தனை அனுப்பினேன், உனக்கு ஞாபகம் இருக்கும், பாவம் அவன்.

அம்மா மலரைப் படித்துவிட்டு, அஞ்சரைக்கு எழறாளாம், பொறந்ததுல இருந்து அவ அஞ்சரையைக் கண்ணால பார்த்திருக்காளா என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் கஷ்டம் ஏதாவது உண்டா, இல்லை என்கிற வரியில் விரலை வைத்து, இதை அவளே சொன்னாளா என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒன்பது நாளாக அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், தினமும் பாப்பா பேசினாளா என்கிறாள், லேப்ல இருக்காளாம் என்கிறேன். நீ எனக்குச் சொல்கிற பொய்யை நான் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வீட்டில் அறைகள் சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கிறது, ஒருவரை ஒருவர் இடிக்காமல் கடக்க முடியவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கே போகிறாய், அறைத்தோழிக்காவது தெரியுமா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, பகலில் கட்டிலிலேயே படுத்துக்கிடக்கிறாயா. போனில் பின்னால் எப்போதும் ஒரு மின்விசிறிச் சத்தம் கேட்கும், லேப்பில் இவ்வளவு பழைய விசிறியா என்று ஒரு நாள் கேட்டேன், நீ சிரித்தாய். மோட்டார் சத்தத்தை வைத்தே என்ன பழுது என்று சொல்கிறவன் என்று எனக்கு இங்கே பெயர். மூன்றாவது நாள் வேறு ஒன்று ஞாபகம் வந்தது, அதிலிருந்து தூக்கம் சரியில்லை. சேர்க்கை நாளன்று அந்தக் கவுன்டரில் நாம் நின்றோமே, கணினித் திரையில் எந்தத் துறை என்று கேட்டது. அப்பா, எனக்கு ஒரு நாள் யோசிக்க வேணும் என்றாய். பின்னால் வரிசை நிற்குது பார், யோசிக்க என்ன இருக்கு என்று சொல்லிவிட்டு நானே தட்டினேன். தட்டிவிட்டுத் திரும்பி உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ரசீது வருகிற இயந்திரத்தைப் பார்த்தேன். எனக்கு டிப்ளமாவோடு நின்றுபோனது, உனக்கு நிற்கக் கூடாது என்கிற அவசரம் அது. அவசரத்துக்கு நல்ல காரணம் இருந்தால் அது அவசரம் இல்லை என்று ஆகிவிடாது, இப்போதுதான் புரிகிறது. நீ என்ன படிக்க நினைத்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினான்கு கேள்வியில் அந்தக் கேள்வியே இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த எழுத்தர் அம்மாவுக்குத் திரும்பப் போன் பண்ணினேன். எனக்குத் தெரியாதும்மா, அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் என்றேன். அவர் குரலே மாறிவிட்டது. முதல்லயே சொல்லியிருக்கலாமே சார், வாரத்துக்கு நாலு அப்பா தெரியும் தெரியும்னு சொல்லிட்டு வச்சிடறாங்க, நாங்க யாருக்கு வழி சொல்றது என்றார். இரண்டு வழி இருக்கிறதாம். தாமதப் பதிவு என்று ஒரு படிவம், இந்தப் பருவத்திலேயே தொடரலாம், விட்ட வகுப்புகளுக்கு ஈடு கட்ட வேண்டும். ஒரு பருவ விடுப்பு என்று இன்னொரு படிவம், இடம் போகாது, திரும்பி வரும்போது துறை மாற்றிக் கேட்கவும் செய்யலாம். எதற்கானாலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும், எதுவானாலும் வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிதான் கடைசி, அதற்குப் பிறகு பெயரை அடித்துவிடுவார்கள். விழா சனிக்கிழமை.

விழாவைப் பற்றி நீ கவலைப்படாதே. வந்தால் வா, வராவிட்டால் போகிறது, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். எப்படியானாலும் மைக்கைக் கையில் வாங்கியதும், மலரில் இருக்கிறது என் பெண் பேசியது இல்லை, அவளைக் கேட்காமல் நான் எழுதியது என்று சொல்லிவிடுவேன். நல அதிகாரி அம்மா முறைப்பார், பெரிய மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார், திங்கட்கிழமை எனக்கு என்ன நடக்கும் என்று ரேடியோ இப்போதே மூன்று விதமாகச் சொல்கிறான். நடக்கட்டும். பதிவு விஷயம் அங்கே என் வாயில் வராது, அது உன்னுடையது. அம்மாவிடம் மட்டும் இன்று வேலை முடிந்து போனதும் சொல்லப்போகிறேன், இதற்கு உன் அனுமதி கேட்கவில்லை, மன்னித்துக்கொள், இன்னொரு வேளை அவளுக்கு எதிரில் என்னால் அப்படி உட்கார முடியாது. அழுவாள், பிறகு உனக்குப் போன் பண்ணுவாள், எடு.

எழுத்தர் அம்மா தபாலில் அனுப்பிவைத்த இரண்டு படிவமும் இந்த உறைக்குள் இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டிலும் காரணம் என்று நான்கு கோடு இருக்கிறது, பேனாவை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன், ஒன்றும் எழுதவில்லை, அது நீ எழுத வேண்டியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தாமதப் பதிவுப் படிவத்தைத்தான் மேலே வைத்துக் கிளிப் போட்டேன், பிறகு மாற்றி வைத்தேன், மறுபடியும் மாற்றினேன். கடைசியில் கிளிப்பையே எடுத்துவிட்டேன். உறையைப் பிரிக்கும்போது எது மேலே வருகிறதோ அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. நீ எதை எடுத்தாலும் எனக்கு வலிக்காது என்று எழுதினால் அது இன்னொரு நடுக் கட்டம். வலிக்கும். அது என் பாடு, நீ அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு பண்ணாதே.

வேளைக்குச் சாப்பிடு, பகலில் ஒரு நடையாவது வெளியே போய் வெயிலில் நில், அறைக்குள்ளேயே கிடக்காதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்கு மேல் நான் கேட்கிற வரம் எதுவும் இல்லை. கடிதம் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும், வெள்ளிக்கிழமை நான்கு மணியை மறந்துவிடாதே. அதற்குள் என்னிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, எந்தப் படிவம் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால் போனை வைத்துவிடு, கோபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா