பருந்துச் சட்டை

கல்வராயன் மலை
5-1-2025

பேரன் ராஜேஷ்குமாருக்கு ஆயா எழுதறது. போன்ல பேசினா பாதியில வெச்சுடற, அதான் கடுதாசி.

உன் பார்சலை பஸ் கண்டக்டர் தோள்ல சுமந்துக்கினு வந்து குடுத்தான். பிரிச்சா நீலமும் மஞ்சளும் பட்டை போட்ட சட்டைங்க, நெஞ்சுல வெள்ளைப் பருந்து. செங்கூர் ராசா கொடியாம். சாமை அடிக்கற களத்துப் படையல் அன்னிக்கு ஊரே போட்டுக்கினு போட்டோ புடிக்கணுமாம். இன்னாடா கேடு உனக்கு? ஒருத்தரும் போட மாட்டோம்.

ஆயா பெருமாயி

*

சென்னை
9-1-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

கோவிச்சுக்காதே. சின்ன வயசுல லீவுக்கு வந்தப்போ களத்து வாசல்ல இதே கலர் துணியை விரிச்சிருந்ததைப் பார்த்திருக்கேன். சாமிக்கு நடைபாவாடை விரிக்கற மாதிரி, ராசாவுக்கு மரியாதை. அதைப் பார்த்துத்தான் இந்தச் சட்டையே தைச்சேன். எல்லாரும் மறந்துட்ட நம்ம ராஜ்ஜியம் ஆயா!

தை மாசம் கள்ளக்குறிச்சியில இந்தச் சட்டை விக்கவே கடை திறக்கறேன். நீ இந்தச் சட்டையோட வந்து ரிப்பன் வெட்டணும். அஞ்சாவதோட நின்னவ நீ, சரித்திரம் தெரியாதது உன் தப்பு இல்ல. நான் சொல்லித் தரேன்.

உன் பேரன்
ராஜேஷ்

*

கல்வராயன் மலை
20-1-2025

சரித்திர வாத்தியாருக்கு,

அஞ்சாவதோட நின்னவ எழுதறேன். அது நடைபாவாடை இல்ல, கால் துடைக்கற துணி. அந்தப் பருந்துக் கொடி மலையேறினாலே எங்க சாமையில பாதி போயிடும், ஆடு போயிடும். குடுக்க மாட்டேன்னு சொன்ன என் முப்பாட்டனை அந்தக் கொடிக் கம்பத்துலயே கட்டி வெச்சு அடிச்சாங்க. ராசா செத்தான், கோட்டை இடிஞ்சுது. அதுலேர்ந்து வருசா வருசம் அதே கலர்ல துணி விரிச்சு, சேத்துக் காலோட மிதிச்சுட்டுத்தான் களத்துல இறங்கறோம். சின்னதுல நீயும் குதிச்சுக் குதிச்சு மிதிச்சவன்தான். இப்ப அதை நெஞ்சுல மாட்டிக்கினு நம்ம ராஜ்ஜியம்ங்கற. தூ!

இந்த வருசம் துணிக்கு அலையற வேலை மிச்சம். உன் சட்டைங்களை வரிசையா விரிச்சு ஊரே மிதிச்சோம். "துணி நல்ல கனம் பெரிம்மா, சாயமே போகல"ன்னு பக்கத்து வூட்டு வளர்மதி மெச்சிக்கினா. நீ கேட்ட போட்டோவும் இதோட இருக்கு. கடையில மாட்டிக்க.

ரிப்பன் வெட்ட வேற மகாராணியைப் பாரு.

ஒரே ஒரு சட்டையை மட்டும் மிதிக்காம எடுத்து வெச்சிருக்கேன். நீ வர்ற அன்னிக்கு வூட்டு வாசப்படியில போடறேன். மிதிச்சுட்டு உள்ள வந்தா சாமைச் சோறும் கோழிக் குழம்பும் இருக்கு. மனசு வரலன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போ.

உன் ஆயா
பெருமாயி