எங்கள் வீட்டில் பழக்கமில்லை

ஜூன் 11, 2024

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து காஞ்சிபுரம் வந்து சேர இருட்டிவிட்டது. கழுத்துக் கட்டி இரண்டாம் முறை வந்ததால் இனி சாதாரணக் கீமோ போதாதாம். என் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து உறைய வைப்பார்கள். பிறகு உடம்பு தாங்கும் எல்லைவரை மருந்து. அதில் எலும்பு மஜ்ஜையும் செத்துவிடும், அதனால் எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுவார்கள்.

அப்பாவுக்கு இதைப் பஸ்ஸில் விளக்கினேன். "வெதைக்கு எடுத்து வெச்சிக்கினு வயலக் கொளுத்துற மாதிரியாமா?" என்றார். நெசவுக்காரர், வயலை எங்கே பார்த்தார்! ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

பெயர் ஏலவார்குழலி. தலையில் ஒரு முடி இல்லை. கண்ணாடி பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜூன் 12

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: இந்த மருந்தில் கருப்பையின் பக்கத்திலிருக்கும் முட்டைப்பைகள் ஓய்ந்துபோகலாம். முன்னாலேயே முட்டைகளை எடுத்து உறைய வைத்தால் பிற்காலத்தில் குழந்தைக்கு வழி இருக்கும். இரண்டு வாரம் தள்ளிப்போகும், பரவாயில்லை, யோசித்துச் சொல் என்றார்.

அப்பா வந்தார். சாப்பாட்டு விஷயம் கேட்கும் அம்மாள் வந்து பால், பருப்பு, சுண்டல் என்று விசாரித்துப் போனார். அவர் எழுந்த நாற்காலியிலேயே சந்தியா சிஸ்டர் உட்கார்ந்தார்.

"முட்டை எடுத்து வெக்கிறதப் பத்தி என்ன முடிவு பண்ணீங்க?"

அப்பா முந்திக்கொண்டார். "வேணாம்மா. நம்ம வூட்ல அந்தப் பழக்கமே கெடயாது."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் ஓகேவா?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? சுத்த சைவமான மனுஷனிடம், 'அப்பா, அவங்க கேக்கறது கோழி முட்டை இல்ல, என்னோடது' என்று எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆகாத பெண் அப்பாவை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா? அம்மா இருந்திருந்தால் காதோடு சொல்லியிருப்பேன்.

ஜூன் 15

கமலாட்சி அத்தை பார்க்க வந்தாள். அப்பா தறியைவிட்டு இறங்கி வந்து, "நம்மகிட்ட போயி முட்டை வெக்கட்டுமான்னு கேக்கறாங்க கமலா! பட்டுனு வேணாம்னுட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டார். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாளைக்கு சிஸ்டருக்குப் போன் பண்ண வேண்டும்.

ஜூன் 17

பண்ணவில்லை.

ஜூன் 24

ஸ்டெம் செல் ரத்தத்துக்கு வருவதற்கான ஊசி ஆரம்பித்துவிட்டது. இடுப்பெலும்பில் அப்படி ஒரு குடைச்சல். இப்போது போய் இரண்டு வாரம் தள்ளுங்கள் என்றால் அப்பா ஏன் என்று கேட்பார். முதலில் பிழைத்துக் கிடக்கலாம், மற்றதெல்லாம் பிறகு — இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

எனக்குக் குழந்தை வேண்டும். இங்கேயாவது எழுதுகிறேன். ரொம்ப ஆசை.

ஜூலை 9

பெரிய மருந்து இன்று ஏற ஆரம்பித்தது. இனி அதைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

ஜூலை 16

என் செல்கள் எனக்கே திரும்பி வந்தன. இவ்வளவுதானா என்கிற மாதிரி சின்னப் பை. அறை முழுக்கச் சோளம் வேகவைத்த வாசனை, உறைய வைக்கச் சேர்த்த மருந்தாம். இதை உறைய வைக்க மட்டும் எத்தனை கேள்வி கேட்டேன்! எங்கே வைப்பீர்கள், கெட்டுப் போகாதா, கரண்ட் போனால் என்ன ஆகும் என்றெல்லாம். அப்போது வாய் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 21

வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. அம்மா, அம்மா.

ஜூலை 29

வெள்ளை அணுக்கள் ஏறுகின்றன! செல்கள் உள்ளே பிடித்துக்கொண்டனவாம். அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் வார்டு பையனும் டாக்டரும்தான் நின்றார்கள்.

பிப்ரவரி 20, 2025

கட்டி எங்கேயும் இல்லை, ஸ்கேன் சுத்தம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த ரிசல்ட். ஏழு மாதமாகத் தீட்டு வரவில்லையே, அந்த டெஸ்ட். முட்டைப்பைகள் ஓய்ந்துவிட்டன. திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. அப்பாவை வெளியே அனுப்பலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப கொழந்த?"

டாக்டரம்மா இல்லை என்று தலையை அசைத்தார்.

"மின்னாடியே சொல்லியிருந்தா எதுனா பண்ணியிருப்போமேமா?"

"சொன்னோமேங்க. முட்டைய எடுத்து உறைய வெச்சிக்கலாம்னு கேட்டோம். நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"நான்தான்பா வேணாம்னேன். எனக்குத் தெரியும்," என்றேன்.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. பிறகு அப்பா கேட்டார். "தெரிஞ்சிக்கினே ஏம்மா சொல்லல?"

"நீ பக்கத்துல இருந்தியேபா."

மார்ச் 2

அப்பா பத்து நாளாகத் தறியில் உட்காருகிறார், இறங்குகிறார். சேலை வளரவே இல்லை. நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஐந்து நிமிஷம் இருவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். அவ்வளவுதானே? ஐந்து நிமிஷம்!

மார்ச் 9

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை வாங்க நான்தான் கிளம்பினேன். அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மருந்துக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். என்னை நகர்த்திவிட்டு முன்னால் போய், "எம் பொண்ணுக்குத் தீட்டு வர மாத்திரபா. ரெண்டு மாசத்துக்குக் குடு" என்றார். கடைக்காரர் சங்கடப்பட்டுக் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். அப்பா மறுபடியும் அதையே, இன்னும் உரக்கச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில், "இதப் போட்டாலும் கொழந்த வராதுபா" என்றேன்.

"தெரியும்மா. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் கேட்டேன். எலும்பு தேயாம இருக்கத்தான் இது. நீ இன்னும் ரொம்ப நாளு இருக்கப் போறவ இல்ல?"

தெருவென்றும் பார்க்காமல், அவர் எதிரிலேயே அழுதேன்.