வாளியை இறக்கி வைத்துவிட்டேன்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய பிடிவாதக்காரருக்கு,

"என்னங்க" என்று கூப்பிட்டால் "ம்" என்று ஒரு குரல் வருமே, அதை எதிர்பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பது ஒரு விதத்தில் எனக்கு வசதிதான். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு பேச்சைப் பேசி முடிக்க விட்டதில்லை நீங்கள். இன்றைக்கு முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. தொட்டியில் உங்கள் டிஸ்கஸ் மீன்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அந்தச் சிவப்பு மீன் நன்றாகப் பருத்துப்போய் மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டு திரிகிறது. இனி அவற்றுக்குத் தண்ணீர் மாற்ற இந்த வீட்டில் யாரும் வாளி தூக்கப் போவதில்லை. குழாய் போட்டுவிட்டேன். புதுத் தண்ணீர் தானே வருகிறது, பழைய தண்ணீர் தானே போகிறது. நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அதே ஏற்பாடுதான்.

முகத்தைச் சுளிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எனக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. சர்க்கரை நம் இரண்டு பேரையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பிடித்தது, உங்களிடம் முதலில் வேலையைக் காட்டியது, அவ்வளவுதான். இடது கையில் ஃபிஸ்டுலா வைத்துவிட்டார்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைப்பார்களே, உங்கள் கையில் இருந்ததே, அதேதான். விரலை வைத்தால் உள்ளே உறுமுகிறது. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாதாம். உங்களுக்கும் அதைச் சொன்னார்கள். நீங்கள் அந்தக் கையாலேயே வாளி வாளியாகத் தூக்கினீர்கள். நான் கத்துவேன், நீங்கள் சிரிப்பீர்கள்.

கை தயாரானதே தவிர நான் தயாராகவில்லை. எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுவேன். அதற்குக் காரணம் நீங்கள்தான். ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பிடோக் இண்டர்சேஞ்சில் பஸ்ஸுக்கு நிற்கும்போது "போதும் மல்லி" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மெஷினில் கட்டிப் போட்டு வாழ்வது ஒரு வாழ்க்கையா என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. சில வாரங்களில் நீங்கள் இல்லை.

எல்லோரும் அதைத் துணிச்சல் என்றார்கள். சாவு வீட்டில் அதைத்தான் சொன்னார்கள், இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு, எனக்கும் அதுதான் கௌரவமான வழி போலிருக்கிறது என்று ஆகிவிட்டது.

உங்கள் வருடத் திதி முடிந்து சிராங்கூன் ரோட்டில் சாப்பிடப் போனோம். தோ பாயோவிலிருந்து அண்ணி, அதான் உங்கள் அக்கா, வந்திருந்தார். நம் பிள்ளை கதிர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இலையில் சாம்பார் ஊற்றியதும் அண்ணி ஆரம்பித்தார்.

"மல்லிகா, அந்த மீனையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துடு. உனக்கே முடியல. யாரும் வாங்கலன்னா பிடோக் ரிசர்வாயர்ல விட்டுடலாம். புண்ணியமாப் போகும்."

"அத்தை, அங்க விடக்கூடாது லா. பார்த்தா ஃபைன் போடுவாங்க," என்றான் கதிர். "அந்த மீனும் அங்க தாங்காது."

"எனக்கென்னப்பா தெரியும், நல்லதுக்குத்தான் சொல்றேன்." அண்ணி அப்பளத்தை உடைத்துக்கொண்டே என் கையைப் பார்த்தார். "நீயும் உடம்பப் போட்டு வதைச்சுக்காத மல்லிகா. தம்பி மாதிரி நிம்மதியாப் போறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்."

அண்ணி கெட்டவர் இல்லை. உங்களுக்காக இன்றைக்கும் அழுகிறவர். ஆனால் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தியைச் செத்துப்போகச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

"மீன் எங்கயும் போகாது அண்ணி," என்றேன். அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. மீனைப் பற்றி வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, சொன்னதைச் செய்தாக வேண்டும். மறுநாளே கதிரை வரச் சொன்னேன்.

தொட்டி வாங்கும்போது கடைக்காரர் மூலையில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார், நினைவிருக்கிறதா? தண்ணீர் மேலே ஏறினால் வழிந்து வெளியேற. அதை நீங்கள் மூடி போட்டு அடைத்துவிட்டீர்கள். முதல் வேலையாக அந்த மூடியைக் கழற்றினேன். அதிலிருந்து ஒரு குழாயைச் சுவரோரமாகச் சரிவாக இறக்கி, குளியலறையில் தரைத் தண்ணீர் போகும் துளை வரைக்கும் கொண்டுபோனோம். உள்ளே வர, வாஷிங் மெஷின் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, வெள்ளை நிறத்தில் மெல்லிய ட்யூப். அது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழும். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு மறுபக்கம் வழிந்து போகும். மோட்டார் கிடையாது, டைமர் கிடையாது.

கதிர் ஒரே ஒரு கார்பன் ஃபில்டர் வாங்கி வந்தான். "ரெண்டு வேணும்," என்றேன்.

"எதுக்கும்மா? மீன் தொட்டிதான, ஒண்ணு இனஃப் லா."

எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்ன செய்வேன்? அந்த டயாலிசிஸ் சென்டரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் நர்ஸ் பின்னறைக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினுக்குப் போகும் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் ஆளை உட்கார வைப்பார். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரமைன் இருக்கிறது, நாம் குடித்தால் ஒன்றும் செய்யாது, ரத்தத்தில் நேராகக் கலந்தால் ஆபத்து என்று ஒரு நாள் விளக்கினார். அதற்காகவே கார்பன் தொட்டிகள் இரண்டு வைத்திருந்தார்கள். முதலாவது விட்டுவிட்டதை இரண்டாவது பிடிக்கும். மீனின் செவுளுக்கும் அதே விஷம்தான். ஒரு நாள் பிடித்து வைத்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். குளோரமைன் அப்படி லேசில் போகாது.

ஆக, இரண்டு ஃபில்டர். குழாயை வேகமாகத் திறந்தால் கார்பனால் பிடிக்க முடியாது, மெதுவாகத்தான் விட வேண்டும். சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, குளோரமைன் இல்லை. அதற்குப் பிறகுதான் ட்யூபைத் தொட்டிக்குள் விட்டேன்.

நீங்கள் இருந்தபோதும் கதிர் இதைச் செய்யலாம் என்றான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வாரத்துல மூணு நாளு என் ரத்தத்த மெஷின் மாத்துது. என் மீனுக்காச்சும் நான் மாத்துறேன்." அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, விட்டுவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். யார் மாற்றினார்கள் என்று மீன் பார்க்கவில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தால் தின்கிறது, நீந்துகிறது, கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்க்கிறது. அதற்கு அது போதும். உங்களுக்கு ஏன் போதவில்லை?

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கெடுத்தேன். நீங்கள் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குனிந்து குனிந்து பொறுக்குவீர்களே, கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்துக் காய்ந்த இலை. தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகும், மீனுக்கு நல்லது என்று ஊறப்போடுவீர்கள். ஒரு காலையில் உங்கள் ஞாபகமாக இருந்தது. இரண்டு இலையை எடுத்து வந்து கழுவிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், அப்படியே டேக்கா மார்க்கெட்டில் வெள்ளைப் பூசணி வாங்கிக்கொண்டு திரும்பினேன். லிஃப்டை விட்டு இறங்கினால் பக்கத்து வீட்டு ரோஹானா துடைப்பமும் கையுமாக நம் வாசலில் நிற்கிறார்.

"மல்லி, ஆயேர் லா, ஆயேர்," என்று மலாயில் சொல்லித் தரையைக் காட்டினார்.

நம் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர். ஊறி மெத்தென்று ஆன இலை, வெளியேறும் துளையின் வாயில் போய் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் இலையும் என் குழாயும் சேர்ந்து கூடத்தைக் குளமாக்கிவிட்டன. கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஒழுகினால் எத்தனை பேர் வாசலில் வந்து நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நல்லவேளை, அவ்வளவு தூரம் போகவில்லை. ரோஹானா தன் வீட்டுத் துண்டெல்லாம் கொண்டுவந்து போட்டுப் பிழிந்தார். என்னை ஒரு வாளி தூக்க விடவில்லை.

வேலை முடிந்து நேராக வந்த கதிர், சட்டையைக்கூட மாற்றாமல் குழாயைப் பார்த்தான்.

"போதும்மா. கழட்டிடலாம். உங்களுக்கு இதெல்லாம் ஸ்ட்ரெஸ். ஒரு நாள் வெளிய போனதுக்கே இப்படி, இனிமே எப்படி?"

"இனிமே ஒழுங்கா ஓடணும். அதுக்குத்தான சொல்றேன். வெளியேறுற வாயில ஒரு வலை வைப்போம். தண்ணி ஏறினா உள்ள வர்றத நிறுத்த ஒரு மிதவை வை, டாய்லெட் டேங்க்ல இருக்குமே, அந்த மாதிரி. வாரத்துல மூணு நாளு நான் சென்டர்ல உட்கார்ந்திருப்பேன், அப்ப இங்க யாரு பார்ப்பா? அது தானா ஓடணும்."

கதிர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, என்ன சொன்னீங்க?"

"மிதவை வைன்னு சொன்னேன்."

"இல்ல. அதுக்கப்புறம்."

அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. டாக்டரிடம் சொல்லாததை, அண்ணியிடம் சொல்ல முடியாததை, ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு மீனுக்காகச் சொல்லியிருக்கிறேன். நான் இல்லாத நேரத்துக்கு வீட்டை ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறேன். போய்விட்டுத் திரும்பி வருகிறவள்தானே அப்படிச் செய்வாள்?

கதிர் அந்தப் பக்கம் திரும்பிக் குழாயை முறுக்கினான். முறுக்கிக்கொண்டே இருந்தான். "ரொம்ப இறுக்காதடா, உடைஞ்சிடும்," என்றேன். "ஓகேம்மா," என்றான். உங்கள் கடைசி வாரங்களில் அவனும் இந்த வீட்டில்தான் இருந்தான். அவனைப் பற்றி நாம் இருவருமே அதிகம் யோசிக்கவில்லை.

இப்போது வலை இருக்கிறது, மிதவை இருக்கிறது, இலை கிடையாது. வேண்டுமானால் இலையைத் தனியாக ஊறவைத்து அந்தச் சாற்றை மட்டும் ஊற்றுகிறேன். வாளியைப் பால்கனியில் கவிழ்த்து அதன் மேல் துளசிச் செடியை வைத்துவிட்டேன். அண்ணிக்கு இன்னும் வருத்தம்தான். இந்த வயதில் இவளுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொந்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொல்லட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நினைவுக்காக இந்த மீன்களை வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது எனக்கே பிடித்திருக்கிறது. என் கையிலிருந்து தின்கின்றன. இவை என் மீன்கள்.

நீங்கள் எடுத்தது உங்கள் முடிவு. அதை நான் மதித்தேன், கடைசிவரை கூடவே இருந்தேன். ஆனால் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்தால், நான் செய்யப் போவதற்கு என்ன பெயர்? பயமா? கோழைத்தனமா? மெஷினில் கட்டிப் போட்டு வாழ்வது ஒரு வாழ்க்கையா என்று கேட்டீர்களே, பதில் இப்போது வந்திருக்கிறது. காலையில் கட்டிப் போடுவார்கள், மதியம் அவிழ்த்து விடுவார்கள். மிச்சமெல்லாம் என்னுடையது. பஸ் டிரைவராக நீங்கள் ஓட்டிய ரூட்டில் இப்போது மின்சார பஸ் விட்டிருக்கிறார்கள், சத்தமே இல்லை. அதில் ஏறி மேல்மாடியில் முன்சீட்டில் உட்கார்ந்து போவேன். உங்களுக்குக் காட்டக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு ஆத்திரம்.

திங்கட்கிழமை எனக்கு முதல் டயாலிசிஸ். கதிர் கூட வருகிறேன் என்றான், சரி என்றேன். ஊசி வலிக்கும், தெரியும். கால் இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும், அதையெல்லாம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பாதியில் கழற்றச் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. புதன்கிழமையும் போவேன். வெள்ளிக்கிழமையும் போவேன்.

அங்கே நீங்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். காத்திருங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவிதான்,
மல்லிகா
பிடோக், சிங்கப்பூர்