எதிர் நாற்காலியும் இடக்கைக் கிட்டாரும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடலைத் தாண்டி இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதியெல்லாம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல வாய் வராது. உன் அக்காவின் பெரியவள் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வெள்ளை உடுப்பில் வாசலில் வந்து நின்றாள் பார், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருஷம் நான் வெளுத்த வெளுப்பெல்லாம் இவளுக்காகத்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் தம்பி குண்டு, ஓடச் சொன்னால் உட்கார்ந்துகொள்வானே, அவன் குண்டு எறிதலில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவது. குண்டு குண்டு எறிஞ்சு கப்பு வாங்கிட்டான் என்று உன் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிக்கிறார். உன் தம்பியின் சின்னவனுக்குக் கையெழுத்துப் போட்டியில் பரிசு. அஞ்சாவதோடு நின்றாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அது எங்கே போகும், அவனிடம் வந்திருக்கிறது. உன் மகள் வாயாடி கணக்கில் வகுப்பிலேயே முதல். டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "ரொம்ப அடக்கமான பொண்ணு பாட்டி, இருக்கற எடமே தெரியாது" என்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பெருமைப்பட்டவள் அதைக் கேட்டுப் பெருமைப்பட முடியாமல் நின்றேன் கண்ணா. வாயாடி என்று பேர் வைத்ததே நீதானே, அவளைப் போய் இருக்கிற இடமே தெரியாது என்கிறார்களே.

இப்போது கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் அனுப்பினாயே, கொம்பு வைத்த மாதிரி, சிவப்பாக, பளபளவென்று, ஒரு கம்பிப் பிடி வேறு நீட்டிக்கொண்டு, அந்த எலெக்ட்ரிக் கிட்டாரை நாங்கள் வாங்கவில்லை. கோபப்படாமல் கடைசி வரை படி. கடை சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது, படி செங்குத்து, உன் அப்பா நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். உள்ளே கிட்டாரெல்லாம் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்ட மாதிரி சுவர் முழுக்கத் தொங்குகின்றன, எனக்குச் சலவைக்கூடத்துக் கொடி ஞாபகம் வந்தது. கடைக்காரர் முடியை ரப்பர் பேண்டு போட்டுப் பின்னால் கட்டியிருந்தார். உன் அப்பா உட்காருவதற்கு முன்னாலேயே, "கரண்டு கிட்டாராச்சே, புள்ளைக்கு ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். "வாசிக்கறவங்களுக்கு அடிக்காது பெரியவரே, புதுசா கத்துக்கறப்ப கேக்கறவங்களுக்குத்தான் அடிக்கும்" என்றார் அவர். வாயாடி சிரிக்கவில்லை. பழைய வாயாடியாக இருந்தால் அதற்கு மேல் ஒன்று சொல்லியிருப்பாள். அவள் அம்மா வாங்கிக் கொடுத்த அந்தச் சின்ன மரக் கிட்டாரைப் பையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

கடைக்காரர் உன் படத்தைப் பார்த்தார். நல்ல கிட்டார்தான், ஆனால் இந்த வயதுக்குப் பாரம் என்றார். "கலர அப்புறம் பாப்போம் பாட்டிம்மா, மொதல்ல பாப்பா கைக்கு எது பொருந்துதுன்னு பாப்போம்" என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மடியில் வைத்தால் பிள்ளையின் தோள் தூக்கக் கூடாதாம். கழுத்து மெலிதாக இருந்தால்தான் சின்ன விரல் சுற்றிப் போகுமாம். கம்பி கட்டையை விட்டு உயரமாக நின்றால் அழுத்தி அழுத்தி விரல் நொந்து, பிள்ளை ஒரு மாதத்தில் மூலையில் சாத்திவிடுமாம். அந்த நீட்டிக்கொண்டிருக்கிற பிடி இருக்கிறதே, அதைப் பிள்ளைகள் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது, வேண்டாம் என்றார். விற்கிறவர் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

இருந்தாலும் நீ ஆசையாகச் சொன்னதாயிற்றே என்று அந்தச் சிவப்பையே முதலில் இறக்கி அவள் மடியில் வைக்கச் சொன்னேன். கழுத்து இடது பக்கம் வருகிற மாதிரி வைத்தார். அவள் பேசாமல் அதைத் திருப்பி, கழுத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டாள். "பாப்பாவுக்கு இடது கைப் பழக்கமா?" என்று கேட்டார். இல்லையே, சாப்பிடுவது, எழுதுவது, தாத்தா முதுகில் அடிப்பது எல்லாம் வலது கைதான் என்றேன். அவர் மறுபடி நேராக வைத்தார், இவள் மறுபடி திருப்பினாள். உன் அப்பா, "சொல்றபடி பிடி கண்ணு" என்று அதட்டப் போனார். கடைக்காரர் அவரைக் கையமர்த்திவிட்டு, இவள் வலது கை விரல்களைத் தடவிப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. சலவைச் சோடாவிலும் சுடுதண்ணீரிலும் என் கை காய்த்தது எனக்குத் தெரியும், இந்தப் பிஞ்சு விரலில் எப்படி என்று திக்கென்றது. "இந்தக் கைதான் கம்பி அழுத்தியிருக்கு, நேத்து வரைக்கும் அழுத்தியிருக்கு" என்றார். அதெப்படி, அவள் அம்மா தவறின துக்கம் கழிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கிட்டார் சத்தமே கேட்டதில்லையே என்றேன்.

அப்போதுதான் பிள்ளை வாய் திறந்தாள். "அம்மா எனக்கு எதிர்ல உக்காருவாங்க. அவங்க கை எந்தப் பக்கம் போகுதோ என் கையும் அந்தப் பக்கம் போகும், கண்ணாடி பாக்கற மாதிரி. மொதல்ல அம்மா சிரிச்சாங்க. அப்புறம் மாத்த வேணாம், இப்படியே இருன்னு என் கிட்டார்ல கம்பிய மாத்திப் போட்டுக் குடுத்தாங்க" என்றாள். கடைக்காரர் பையைத் திறந்து அந்தச் சின்னக் கிட்டாரைப் பார்த்துவிட்டு, ஆமாம், எல்லாக் கம்பியும் இடம் மாறித்தான் இருக்கிறது என்றார். எனக்கு அவள் அம்மா படுக்கையில் கிடந்த ஒரு மத்தியானம் கண் முன்னால் வந்தது. மருமகள் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, மடியில் கம்பிச் சுருளைப் போட்டுக்கொண்டு, ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கம்பி அறுந்துபோயிற்று போல என்று நினைத்துக்கொண்டு நான் துணி மடிக்கப் போய்விட்டேன். மகளைத் தன் பக்கம் திருப்ப நேரமில்லை என்று தெரிந்து, கிட்டாரையே மகள் பக்கம் திருப்பியிருக்கிறாள் அவள்.

சரி, சத்தம் வராமல் விரல் எப்படிக் காய்த்தது என்று கேட்டேன். "இந்தக் கையால அழுத்த மட்டும் செய்வேன் பாட்டி, அந்தக் கையால மீட்ட மாட்டேன்" என்றாள். ஏன் என்றதற்குச் சொன்னாள், "அப்பா நிறுத்துன்னாருல்ல."

இதைப் படித்து நீ கலங்கக் கூடாது. உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அன்றைக்கு இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அம்மா வாசிக்கிற அந்த மெட்டை வாசித்தாள். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அதக் கொஞ்சம் நிறுத்தும்மா" என்றாய். அதட்டவில்லை, எனக்குத் தெரியும், தாங்கமுடியாமல் சொன்னாய். கொஞ்சம் என்றுதான் சொன்னாய். அதன் பிறகு நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய், அந்தக் கொஞ்சம் எப்போது முடிந்தது என்று யாரும் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் நிறுத்தியே வைத்திருக்கிறாள். இப்போது நீயும், ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், மாட்டிக்கொண்டு வாசிக்கட்டும், யார் காதிலும் விழாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. இந்த வயதில் கையை மாற்றினால் சில மாதத்தில் பழகிவிடும், இடக்கைக் கிட்டார் செய்வதே குறைவு, நாளைக்குப் பெரியது வாங்கும்போது அலைய வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். உன் அப்பாவுக்கும் மாற்றிவிடலாம் என்றுதான் எண்ணம். நான்தான் முடியாது என்றேன். எல்லாம் மாறிப்போன பிள்ளைக்கு அவள் அம்மா மாற்ற வேண்டாம் என்று சொன்னது இது ஒன்றுதானே, அதில் கை வைக்க நாம் யார்? கடைக்காரர் உள் அறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து தூசி தட்டினார், கடையில் இடக்கைக்கு இருந்ததே அது ஒன்றுதான். மரக்கலர், அளவில் சின்னது, பாரமில்லை, பிடி கிடியெல்லாம் கிடையாது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அவள் மடியில் வைத்ததும் சொன்ன பேச்சு கேட்கிற பூனை மாதிரி படுத்துக்கொண்டது. ஒயரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகிக் கொடுத்தார். அவள் வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கியபடி என்னையே பார்த்தாள். "அடிக்கலாமா பாட்டி?" என்று கேட்டாள், காதோடு காதாக. "அந்தக் கொஞ்சம் முடிஞ்சு போச்சு கண்ணு, அடி" என்றேன். ஒரே ஒரு தடவை மீட்டினாள். சுவரில் தொங்கினதெல்லாம் கூடச் சேர்ந்து முனகின மாதிரி இருந்தது. உடனே பயந்து உள்ளங்கையால் கம்பியைப் பொத்திவிட்டாள். உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சைக்கிள் கடையை வேடிக்கை பார்க்கிறாராம்.

ஹெட்போன் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி வந்தோம். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன், சத்தம் வரும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று. "என் மெஷின் சத்தத்த இத்தன வருஷம் நீங்க கேக்கல? கொழந்த அடிச்சு நொறுக்கட்டும் விடுங்கம்மா" என்றாள். கடைக்காரரே வாரத்துக்கு ஒருநாள் சொல்லிக் கொடுக்கிறார், எதிரே உட்கார்ந்துதான். ஆனால் வீட்டில் இவள் செய்வதைக் கேள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே அவள் அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். வெறும் நாற்காலியைப் பார்த்து வாசிக்கிறாள். பொறுக்காமல் ஒருநாள் நானே போய், துணி மாட்டுகிற ஹேங்கரைக் கிட்டார் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். "எந்திரிங்க பாட்டி, உங்களப் பாத்தா தாளம் தப்புது" என்றாள். அவள் அம்மா மெட்டு பாதி வரைக்கும் வருகிறது, நல்லாவே வருகிறது, அங்கே கம்பியைப் பொத்திவிடுகிறாள். மீதி தெரியாதா என்று கேட்டேன். "தெரியும். அப்பா நிறுத்தச் சொன்ன எடம் அது" என்கிறாள். நான் சொன்னது கடைக்கு மட்டும்தான் செல்லுபடி ஆகிறது கண்ணா. இந்த வீட்டில் உன் சொல்தான் செல்லும்.

நீயோ போனில் முகத்தையே காட்டுவதில்லை. துறைமுகத்துக் கிரேனைக் காட்டுகிறாய், கப்பலைக் காட்டுகிறாய், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். "அப்பாவுக்கு இப்ப தாடியா, இல்லியா பாட்டி?" என்று கேட்கிறாள், பெற்றவளுக்கே தெரியவில்லையே, என்ன சொல்வேன். அழுத முகமாக இருந்தால்தான் என்ன, அவளும் உன்னை மாதிரி அழுதவள்தானே. காற்றடிக்கிற நாளில் கிரேன் மேல் ஏறாதே. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. நானும் அப்பாவும் உன்னை மனசார வாழ்த்துகிறோம், எந்தக் குறையும் இல்லாமல் நீ உன் பிள்ளையிடம் வந்து சேர வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் அணைந்துபோகிறது, கெட்டிக் காகிதத்தில் பெரிதாக வேண்டும். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி எதுவும் வேண்டாம், தாடி இருந்தால் இருக்கட்டும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நேரே பார்த்து எடு. அவள் அம்மா படம் சுவரில் இருக்கிறது, அதைப் பிள்ளை அண்ணாந்து பார்க்கிறாள். உன் படத்தைச் சுவரில் மாட்ட எனக்கு மனசில்லை, அந்த நாற்காலியில் சாய்த்து வைக்கிறேன். பின்பக்கம் உன் கையால், மீதியையும் வாசி என்று எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் போட்டோவுக்காகத் தபால்காரர் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா