புள்ளிக்கு எடை கிடையாது

ராதஸ்,
வெள்ளிக்கிழமை

என் ஈரக்குலையே ரவுதா, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் குட்டி சீரினுக்கும் உம்மாவின் ஸலாம். நீங்கள் மூவரும் சளி காய்ச்சல் இல்லாமல், அந்தப் பனியில் கால் சூடாக, வயிறு நிறைந்து இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் இருக்கிறேன். நலமாக என்று எழுதினால் நம்ப மாட்டாய், நலமில்லை என்று எழுதினால் உடனே போனை எடுத்துவிடுவாய், ஆகவே இருக்கிறேன் என்பதோடு விடுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன். சீரினின் போட்டோவும் வந்தது. மூக்கு அப்படியே உன் பாபாவின் மூக்கு, பெண் பிள்ளைக்கு அந்த மூக்கு எதற்கு என்று உன் அத்தை சொன்னாள், அவளுக்கும் அதே மூக்குதான் என்பதை நான் சொல்லவில்லை. போன வாரம் போனில், "ஏன் உம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, என் மேல கோவமா?" என்று கேட்டாய். ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், இரண்டு பேரும் அழுவதற்கு நிமிஷக் கணக்கில் காசு கட்ட வேண்டும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, பிள்ளை தூங்கும்போது படி.

உன் பாபா மவுத்தானதற்கு இருந்த இத்தா முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். உன் அத்தை, "இன்னும் ஒரு வாரம் வீட்ல இரேன், ஊரு என்ன சொல்லும்?" என்றாள். ஊர் வந்து எனக்குச் சோறு போடாது என்றேன். இந்தக் காலத்தில் யார் நாலு மாசம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீயும் ஒரு தரம் கேட்டாய். நான் உட்கார்ந்தது ஊருக்காக இல்லை. வெளியே போனால் உன் பாபா கை வைத்துச் சரி பண்ணின பஸ் ஏதாவது எதிரே வந்துவிடுமே என்ற பயம்தான். கடைசியில் வேலைக்குப் போக அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருந்தது, டிக்கெட் கிழிப்பவர் என்னிடம் காசு வாங்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டார். மெக்ரீனில் எங்கள் தபால் பட்டறை மாறவேயில்லை. அதே பசை நாற்றம், அதே தூசி. மின்சாரக் கம்பெனி பில், வங்கிக்காரன் தாள், கடைக்காரர்களின் தள்ளுபடி விளம்பரம் எல்லாம் வண்டி வண்டியாக வருகிறது, மடித்து, ஜன்னல் வைத்த உறையில் விலாசம் தெரியும்படி செருகி, ஒட்டி, எல்லா முகமும் ஒரே பக்கம் பார்க்க மேஜையில் தட்டி நேராக்கி, ஊர் ஊராகக் கட்டுப் போட்டு மூட்டையாக்குகிறோம். நீ சின்ன வயதில் அங்கே வந்து பசையை நக்கிப் பார்த்து என்னிடம் முதுகில் வாங்கினாயே, அந்த மேஜையில்தான் இப்போதும் நிற்கிறேன். பக்கத்து மேஜைத் தலெந்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், பிறகு, "அக்கா, நீங்க இல்லாம இந்தப் பசங்க கட்டுற கட்டு எல்லாம் வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே அவிழ்ந்து விழுது, வந்து ரெண்டு அறை விடுங்க" என்றாள். அவள் பேச்சுதான் எப்போதும் மருந்து.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. எனக்கும் உன் பாபாவுக்கும் மட்டும் தெரிந்தது. மொத்தத் தபாலில் ஒரு கண்டிப்பு உண்டு மகளே, எல்லா உறையும் ஒரே எடை இருக்க வேண்டும். அஞ்சலகத்தில் மூட்டையிலிருந்து ஏதோ ஒன்றை உருவித் தராசில் வைப்பார்கள், உள்ளே ஒரு துண்டுக் காகிதம் கூடுதலாக இருந்தாலும் அத்தனையையும் திருப்பி விடுவார்கள். எண்ணிக்கையும் சீட்டில் எழுதினபடி இருக்க வேண்டும், ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. நாங்கள் கல்யாணமான புதிதில் உன் பாபா என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "ஊருக்கெல்லாம் கடுதாசி கட்டி அனுப்புறியே, கட்டின புருஷனுக்கு ஒண்ணாவது போட்டியாடி?" என்பார். உங்களுக்கும்தான் போகிறது மின்சாரப் பில் என்பேன். "அது கம்பெனிக்காரன் எழுதினது. நீ எழுதினது எங்க?" என்பார். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் யாரும் ஒரு கடிதம் போட்டதில்லை, ரவுதா. அடுத்த முறை எங்கள் தெருவின் பில்கள் என் மேஜைக்கு வந்தபோது அவர் பெயரைப் பார்த்தேன். உள்ளே ஒரு சொல் வைக்க முடியாது, எடை கூடிவிடும். வெளியே எழுதினால் முதலாளி கண்ணில் படும். கட்டின் மேல் சீட்டில் ஊர்ப்பெயர் எழுதுகிற பச்சைப் பென்சில் கையில் இருந்தது, உறையின் ஜன்னல் மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிக்கு எடை கிடையாது. எந்தத் தராசும் அதைப் பிடிக்காது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உறையைக் கையில் வாங்கினவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெருவே கேட்கிற மாதிரி, "அடியே மனூபியா, கடுதாசி வந்திருக்குடி!" என்று கத்தினார். அதுதான் ஆரம்பம். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வாசலில் அந்தச் சத்தம் கேட்கும். மின்சாரப் பில் வந்ததற்கு இப்படிக் குதிக்கிற ஆள் உலகத்திலேயே என் பாபா ஒருத்தர்தான் என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தாயாமே. பில்லுக்காக இல்லை, பெண்ணே. சண்டை போட்ட மாதங்களில் நான் புள்ளி வைக்க மாட்டேன். அப்போது உறையைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார், "கம்பெனிக்காரன் மட்டும்தான் எழுதியிருக்கான், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்பார். நீ தேர்வு எழுதப் போனபோதும், கனடாவுக்கு விமானம் ஏறின மாதமும், எங்களுக்குப் பேச வாய் வராதபோது அந்தப் புள்ளிதான் எங்களுக்குள் போய் வந்தது.

அவர் போவதற்கு முன்னால் வந்த கடைசிப் பில்லில் புள்ளி இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. அந்த வாரம் என்னை விளம்பரத் தாள் மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கள் தெருவின் பில் தட்டு வேறு ஆள் கைக்குப் போய்விட்டது. உன் பாபா வழக்கம்போல வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் முலூக்கியாக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன், கை விட்டால் அடிப்பிடிக்கும். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த தடவை ரெண்டா வச்சு அனுப்பறேன், போங்க" என்றேன். "ரெண்டு. மறந்துடாத" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த தடவை வருவதற்குள் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து தண்ணீர் கேட்டார், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், நூல் விரலில் சுற்றியபடி இருந்தது, முகத்தை மூடியிருந்தார்கள். நீ நிறைமாதமாக இருந்தாய், உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், நீ அங்கே போனில் அலறினதை நான் கேட்டேன். கபுருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் வாசல் வரைக்கும்தான். அவரிடம் நான் கடைசியாகக் கொடுத்த வாக்கு அந்த இரண்டு புள்ளிதான்.

இத்தா முழுவதும் நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. குர்ஆன் ஓதினேன், அழுதேன், மிளகாய் காயவைத்து ஹரிஸ்ஸா அரைத்தேன், எல்லாம் உண்மை. ஆனால் உள்ளுக்குள் ஒரே ஒரு எண்ணம். வேலைக்குத் திரும்பி, எங்கள் தெருவின் தட்டு வரும்போது, அவர் பெயர் கைக்கு வரும்போது, சொன்னபடி இரண்டு புள்ளி வைத்து அனுப்பிவிட வேண்டும். இறந்தவர் பெயரில் பில் வருவது எங்கள் தொழிலில் புதிதில்லை, வருஷக் கணக்கில் வரும், பெயரை எடுக்கச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும். யார் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

போன வாரம் அந்தத் தட்டு வந்தது. நான்தான் செய்வேன் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கினேன், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன். மீட்டர் பார்க்கிறவர் நடக்கிற வரிசையில்தான் பில் அடுக்கியிருக்கும், அதனால் நம் தெருவில் நடப்பது போலவே ஒவ்வொரு பெயராக வந்தது, முனைக் கடை, ரொட்டிக்காரர், இரட்டைப் பிள்ளைகள் வீடு, பிறகு நம் வாசல். அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. என் பெயருக்கு முன்னால் மூன்று பிரெஞ்சு எழுத்தில் சுருக்கி, விதவை என்று அச்சடித்திருந்தது. இத்தனை மாதமாக எல்லாரும் என்னைத் தேற்றினார்கள், பாவம் என்றார்கள், பொறுமையாயிரு என்றார்கள், அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக அது என்னைப் பார்த்தது. நான் நின்றுவிட்டேன். பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முதலாளி, "என்னம்மா ஆச்சு, ராதஸ் கட்டு எங்கே?" என்று கத்துகிறார். தலெந்தா வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, ஒரு வெத்து உறையில அவர் பேரை எழுதித் தரவா, நடுவுல சொருகிடலாம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். புள்ளியைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். எண்ணிக்கை இடிக்கும், அது கூடப் பரவாயில்லை. தபால்காரர் ஸாதோக் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர், அவர் அந்த உறையை வாங்கிப் பார்த்து 'இறந்துவிட்டார்' என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். திரும்பி வருகிற மூட்டையைப் பிரிக்கிற வேலையும் என்னுடையதுதான். அதை நான் இரண்டாம் தரம் பார்க்க மாட்டேன். தலெந்தாவே கட்டைத் தட்டி, நூல் சுற்றி, சீட்டு வைத்து வண்டியில் ஏற்றினாள். அந்த உறையில் நான் புள்ளி வைக்கவில்லை. என் பெயருக்கு நானே எப்படி வைப்பது?

வீட்டுக்கு வந்து, பில்லில் பெயரை மாற்றினது யார் என்று உன் அத்தையைக் கேட்டேன். அவள் பெருமையாகச் சொன்னாள். "ரவுதாதான் செஞ்சா. பிள்ளை பெத்த உடம்போட அங்கேர்ந்து ஆபீஸ் ஆபீஸா போன் போட்டு, சர்டிபிகேட்டை ஃபேக்ஸ்ல அனுப்பி மாத்தினா. உம்மா வேலைக்குப் போயி பாபா பேரைப் பார்த்தா தாங்க மாட்டாங்கன்னு சொன்னா." ரவுதா, அதைக் கேட்டதும் எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. அன்றைக்கு உன் போட்டோவைக் கூடத் திருப்பி வைத்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன், பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பாபாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத பெண், தன் அழுகையை விட்டுவிட்டு என் கண்ணில் என்ன படும் என்று கவலைப்பட்டிருக்கிறாளே என்று. போட்டோவை மறுபடி திருப்பிவிட்டேன். உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாய். ஆனாலும் வலிக்கிறது மகளே, பொய் சொல்ல மாட்டேன், அவர் செத்த அன்றைக்கு வலித்ததை விட இது அதிகமாக வலிக்கிறது. அன்றைக்கு அவர் போனார். போன வாரம் நான் அவருக்கு எழுதக்கூடிய விலாசமும் போய்விட்டது. திரும்ப மாற்றச் சொல்லிக் கேட்காதே, மாற்றினாலும் அது அவர் ஆகாது. இனி என் மேல் இரக்கம் வந்தால் முதலில் என்னைக் கேட்டுவிட்டு இரக்கப்படு, அது போதும்.

அந்தப் பில் வீட்டுக்கு வந்தது. ஸாதோக் வாசலில் ஆள் இல்லாவிட்டால் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறவர், அன்றைக்குக் கதவைத் தட்டிக் கையில் கொடுத்தார். "முன்னாடியெல்லாம் திஜானி அண்ணன் வாசல்லயே நின்னு எட்டிப் பிடுங்குவாரு, அப்படி என்னதான் இருக்கும்னு நான் யோசிப்பேன்" என்றார். ஒன்றுமில்லை, பில்தான் என்றேன். அவர் போனபின் நான் கதவிலேயே நின்று மூலையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நான்தான் வைக்கவில்லை என்று தெரிந்தே பார்த்தேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குக் குளிப்பாட்டினபின் உச்சந்தலையில் ஆலிவ் எண்ணெய் தொட்டு வை, அங்கே டாக்டர் என்ன சொன்னாலும் வை. உன் வீட்டுக்காரர் ஏதாவது கேட்டு வந்து நின்றால், அடுப்பில் எது கருகினாலும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துப் பதில் சொல். ஹரிஸ்ஸா ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது வருகிறவர்கள் இருந்தால் சொல். கோடையில் இன்ஷா அல்லாஹ் சீரினைக் கூட்டிக்கொண்டு வா, அந்த மூக்கை நான் கிள்ள வேண்டும். பதில் போட்டால் மேலே என் பெயரை மட்டும் எழுது, முன்னால் எதுவும் வேண்டாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் கொடுக்கட்டும், உன் மகள் உன்னை விட்டுத் தூரமாகப் போகாமல் இருக்கட்டும், உன் பாபாவின் கபுரை வெளிச்சமாக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. இந்தக் கடிதம் வந்த உறையைக் குப்பையில் போட்டிருந்தால் போய் எடு. உன் பெயருக்குப் பக்கத்தில் மூலையில் பார், பச்சையாக இரண்டு புள்ளி இருக்கும். உன் பாபாவுக்குச் சொன்னவை. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாததால் உனக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்ததும் போன் போடு, நலமா சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்காதே, நான் எடுத்ததும் அவரைப் போலவே சத்தமாகக் கத்து, கடுதாசி வந்திருக்கு என்று.

உன் உம்மா
மனூபியா