குரலை மறைக்காத காணொளி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அக்கா
(இம்மனு பல மேசைகளைக் கடந்து வரும் என்பதால் எங்கள் பெயர், முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவற்றை ஒட்டிய உறையில் தனியே இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
பள்ளிகள் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: வெளியே போகாது என்று வாக்களித்து மாணவர்களைப் பேசவைத்து, அந்தப் பேச்சைப் பள்ளியே சமூக ஊடகத்தில் வெளியிட்டது – நீக்கக் கோருதல் – வரும் வெள்ளிக்கிழமை எடுக்கவிருக்கும் இரண்டாம் காணொளியைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துநராகப் பணிபுரிகிறேன். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். அவருக்குப் பகலில் விடுப்புக் கிடைப்பதில்லை. ஆகவே தங்கையின் பள்ளிக் கூட்டங்களுக்கு நானே சென்றுவருகிறேன். வீட்டு விஷயங்களை வெளியில் பேசிப் பழகாத குடும்பம் எங்களுடையது. இம்மனுவைக்கூடப் பலமுறை கிழித்துவிட்டே எழுதுகிறேன்.

2. சக மாணவர்களின் வற்புறுத்தலையும் சமூக ஊடகத் தொல்லைகளையும் பிள்ளைகள் சமாளிக்க உதவுவதற்கென்று பள்ளியில் இந்த ஆண்டு ‘வட்ட நேரம்’ என்றொரு வகுப்பு தொடங்கப்பட்டது. மாணவர்கள் தரையில் வட்டமாக அமர்வார்கள். கையிலிருந்து கைக்குப் போகும் பச்சைப் பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. எல்லோருடைய போனும் வாசலின் உட்புறம் ஒரு கூடையில் போடப்படும். பெரிய கூடை வேண்டும் என்று வகுப்பாசிரியை பெற்றோரிடம் கேட்டபோது, எங்கள் வீட்டுத் துணிக்கூடையைத்தான் கழுவிக் கொடுத்தனுப்பினோம். அந்தத் திட்டத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு.

3. ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு வகுப்பாசிரியை, “இங்க பேசுறது இந்த ரூமோட போச்சு. இது என் சத்தியம்” என்று சொல்வாராம். சில வாரங்கள் பந்தை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டுக்கொண்டே இருந்த என் தங்கை, ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்பதை இம்மனுவில் எழுதவில்லை. தோழிகளின் கட்டாயத்தால் செய்த ஒன்றைப் பற்றியது என்பது மட்டும் போதும். அன்று மாலை வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். “லேசா இருக்குக்கா” என்றாள்.

4. போன்கள் கூடையில் இருந்தன. பள்ளியின் கேமரா மட்டும் அலமாரியின் மேல் இருந்தது. ஆண்டு மலருக்குப் படம் எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் அந்தப் பேச்சு காணொளியாக வந்தது. அவள் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. குரல் அப்படியே இருந்தது. மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் வயலின் இசை சேர்த்திருந்தார்கள். முடிவில் சேர்க்கைக்குத் தொடர்புகொள்ள வேண்டிய எண் வந்தது.

5. தினமும் கூடவே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒருத்தியை அடையாளம் காண முகம் தேவையா, ஐயா? அவள் பேசியதில் ஒரு வரியை வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அவள் படியேறும்போது யாராவது ஒருவரின் போனிலிருந்து அந்த வரி ஒலிக்கிறது. முதலில் வெட்டிப் போட்டவள், அன்று அவளோடு சேர்ந்து அழுத பக்கத்து இருக்கைத் தோழி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சிரிக்காதவர்கள்தான் அடுத்த வேடிக்கைப் பொருள் என்பதால் அவளும் அதைச் செய்திருக்கிறாள். நான் கோபப்பட்டபோது தங்கை சொன்னது இது: “அவளைக்கூட விடுக்கா. அவ எனக்குச் சத்தியம் பண்ணல. மிஸ்தான் பண்ணாங்க.”

6. தலைமையாசிரியரைச் சந்திக்கச் சென்றேன். வரவேற்பறையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஓ, அந்த வீடியோ பொண்ணோட அக்காவா? உள்ள போங்க” என்றார். உள்ளே தலைமையாசிரியர், “முகத்தைத்தான் மறைச்சிட்டோமேம்மா, யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். வரவேற்பறையில் கேட்டதைச் சொன்னேன். பேனாவை மூடித் திறந்தவர், “எத்தனை பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கும்னு யோசிச்சீங்களா? வீடியோ இப்பதான் நல்லா போயிட்டிருக்கு. இந்த நேரத்துல நீக்கச் சொல்றீங்களே, நீங்க படிச்சவங்கதானே” என்றார். வகுப்பாசிரியையும் அங்கே இருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

7. என் புகாரின்மேல் பள்ளி எடுத்த ஒரே நடவடிக்கை, அந்த வரியைப் பரப்பிய மூன்று மாணவர்களை இடைநீக்கம் செய்ததுதான். பள்ளி வெளியிட்டதைப் பகிர்ந்தது குற்றம் என்றால், வெளியிட்டதற்கு என்ன பெயர்? காணொளி இன்னும் அங்கேயே இருக்கிறது. இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் நண்பர்கள் இப்போது “எல்லாம் உன்னாலதான்டி” என்று என் தங்கையைச் சுற்றி நிற்கிறார்கள். பிள்ளைகளைப் பிள்ளைகளோடு மோதவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

8. அவள் இப்போது பள்ளியில் பேசுவதில்லை. வருகைப் பதிவின்போது வாய் திறக்காமல் கையை மட்டும் உயர்த்துகிறாள். குரல் கொடுக்காததால், வகுப்பில் உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று குறிக்கப்பட்டிருக்கிறாள். வீட்டில் என்னிடம் பேசும்போதும் என் போன் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறாள். அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்துதான் அவள் அருகில் உட்காருகிறேன்.

9. இந்நிலையில், இரண்டாம் காணொளிக்காக வரும் வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அவள் முகம் காட்டி, சிரித்தபடி, “வட்ட நேரம் எனக்குத் தைரியம் தந்தது” என்று கேமரா முன் சொல்ல வேண்டுமாம். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஐயா, மனமில்லாததைச் செய்யச் சொல்லிக் கூட்டமாக நின்று கட்டாயப்படுத்தினால் எப்படி மறுப்பது என்று கற்றுத்தரத்தான் இந்த வகுப்பே தொடங்கப்பட்டது. அவள் மறுத்துவிட்டாள். அந்த மறுப்பைக் காப்பாற்றிக்கொடுக்கும்படிதான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

10. எனவே காணொளியை உடனே நீக்கவும், வெள்ளிக்கிழமைப் படப்பிடிப்பை நிறுத்தவும் உத்தரவிடக் கோருகிறேன். இடைநீக்கம் செய்யப்பட்ட மூவரும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். வாக்கை மீறியது பள்ளிதான் என்று அதே அறையில், அதே மாணவர்கள் முன், பெரியவர்கள் தம் வாயால் சொல்ல வேண்டும். வட்ட நேரத்தை நிறுத்திவிட வேண்டாம். அன்று அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. எங்கள் கூடையும் அந்த வாசலிலேயே இருக்கட்டும். இனி அதில் முதலில் பள்ளியின் கேமரா விழ வேண்டும்.

11. கடைசியாக ஒன்று. விசாரணைக்காகத் தாங்கள் அந்தக் காணொளியைப் பார்க்க நேரிடும். பள்ளியின் பெயர், அந்த அறை, வாசலில் இருக்கும் கூடை, முடிவில் வரும் தொலைபேசி எண் என்று தங்களுக்குத் தேவையான சான்றுகள் அனைத்தும் படத்திலேயே தெரியும். ஆகவே தயவுசெய்து ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அப்படித்தான் பார்ப்பீர்கள் என்று தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்
அக்கா
(கையொப்பம் உறையினுள்)